வயலினா, கீபோர்டா: தேர்ந்தெடுப்பது பிள்ளையா, பள்ளி அலமாரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்ததும் தில்லிப் பள்ளிப் பிள்ளைகளின் பையில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். கீபோர்டு, கிதார், தபேலா, வயலின், வாய்ப்பாட்டு, நடனம் என்று வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்டு, ஒன்றில் மட்டும் டிக் அடிக்கச் சொல்லியிருப்பார்கள். ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிற வேலை. காலையில் தாள் பள்ளிக்குத் திரும்பிவிடும். அடுத்த மூன்று நான்கு வருடங்களுக்குப் பிள்ளையின் கையில் இருக்கப்போவது எது என்பது அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. பள்ளிகளில் இசை கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, அந்த டிக் எப்படி விழுகிறது என்பதைத் தங்கள் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு கருவியின் ஓசை பிடித்து அதைக் கேட்டு வரும் பிள்ளை அபூர்வம். கண்ணில் படுவதுதான் மனதில் நிற்கும். தில்லியில் காலை வழிபாட்டு மேடையில் இருப்பது ஆர்மோனியமும் டோலக்கும். சில பள்ளிகளில் தபேலா. எனவே ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தாளக் கருவி என்றால் டோலக், தபேலா. மிருதங்கத்தை அவன் பார்ப்பது மலை மந்திர் முருகன் கோயிலில் ஏதாவது கச்சேரி நடக்கும்போது, அதுவும் பத்தாவது வரிசையில் அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைச் சேர்க்காமலே வைத்திருந்தது, ராக சங்கீதத்துக்கு ஒத்துவராது என்று. வானொலி தள்ளிவைத்த கருவி பள்ளி மேடையை மட்டும் விடவில்லை. ஆள் ஒருவர், கருவி ஒன்று, சுருதி சேர்க்கும் வேலை கிடையாது. அதுதான் காரணம்.

கண்ணுக்கு அடுத்தது நண்பன். வகுப்பில் நான்கு பேர் கிதார் என்றால் ஐந்தாவது ஆளும் கிதார். இதில் தப்பே இல்லை. கூட்டாளி இருக்கிற பிள்ளை வகுப்பை விட்டு நழுவ மாட்டான். ஆனால் அந்த நான்கு பேரும் எதற்காகக் கிதார் என்றார்கள் என்று தேடிப் போனால் பள்ளியின் கால அட்டவணையில் போய் நிற்க வேண்டியிருக்கும். பெற்றோருக்குத் தெரியாத பக்கம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பிலிருந்து இசை அறைக்கு வந்து செருப்பைக் கழற்றி உட்கார 5 நிமிடம் போய்விடும். இருபது பிள்ளைகள், இருபது வயலின். ஒரு வயலினுக்கு நான்கு தந்தி. ஆசிரியர் ஒருவரே சுருதி சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் மர ஆணியை, திருப்ப முடியாது, திருப்பினால் தந்தி அறுந்துவிடும். கைதேர்ந்தவருக்கே ஒரு வயலினுக்கு ஒன்றரை நிமிடமாவது ஆகும். இருபதுக்கு 30 நிமிடம். மீதி ஐந்து நிமிடத்தில் ஸ ரி க ம சொல்லி வைத்தால் மணி அடித்துவிடும். மிருதங்கமும் அப்படித்தான்: இடப்பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்ட வேண்டும், கல்லும் கட்டையும் கொண்டு வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, தட்டிச் சுருதிக்கு இழுக்க வேண்டும், முடிந்ததும் ரவையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். கீபோர்டுக்கு இது எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் தயார். இருபது கீபோர்டும் ஒரே சுருதியில் நிற்கும். ஹெட்போன் மாட்டிவிட்டால் பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியரும் சண்டைக்கு வர மாட்டார். பட்டியலில் கீபோர்டு முதலில் அச்சாகும் ரகசியம் இவ்வளவுதான். பிள்ளையின் ஆர்வம் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது.

வயலின் வகுப்பை இதிலிருந்து மீட்க வழி உண்டு. வாலில், அதாவது தந்திகள் கட்டியிருக்கும் கறுப்புத் துண்டில், நான்கு தந்திக்கும் சிறு திருகு ஆணி பொருத்திய வயலின்களாக வாங்கினால் பிரடையைத் தொடாமலே சுருதியைச் சரிசெய்யலாம். அதைத் திருகுவது பிள்ளைக்கும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். இருபது பேரை ஒன்றாக அனுப்பாமல் எட்டுப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். இரண்டும் செய்தால் சுருதி வேலை 10 நிமிடத்தில் முடியும்.

உடை, தரை, பை ஆகிய மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு என்றால் சிரிப்பு வரலாம். கர்நாடக வயலினும் வீணையும் மிருதங்கமும் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பவை. முழங்கால் உயரப் பாவாடை சீருடையாக இருக்கும் பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பெண் தரையில் உட்காரத் தயங்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிற கீபோர்டின் கட்டத்தில் டிக் விழும். இசை வகுப்பு நாளில் விளையாட்டு உடையோ சல்வாரோ போட்டு வரலாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்ட பள்ளிகளில் வயலினுக்குப் பெயர் கூடுவதைக் காண்கிறோம். ஜனவரியில் மொசைக் தரை ஐஸ் போல இருக்கும். ஜமக்காளம் விரிக்காத அறையில் எந்தப் பிள்ளையும் அரை மணி நேரம் உட்காராது.

பையின் எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2020ல் வந்த பள்ளிப்பைக் கொள்கைப்படி பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. பெட்டியோடு வயலின் 2 கிலோ வரை வரும். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தில் ஏறுவது நடக்காத காரியம், வீணையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று இருந்தால்தான் மிருதங்கமும் வீணையும் ஓடும். ஓட்டுநர் பக்கத்து இடத்தில் யாராவது வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வீணைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஜூலையில் விலகும் குடும்பங்கள் வருடா வருடம் உண்டு.

ஆண், பெண் என்ற பிரிவுக்கு வருவோம். 1978ல் அமெரிக்காவில் ஹரால்ட் ஏபிள்ஸ், சூசன் போர்ட்டர் என்ற இருவர், உங்கள் மகனுக்கு எந்தக் கருவி, மகளுக்கு எந்தக் கருவி என்று பெரியவர்களைக் கேட்டார்கள். மகளுக்குப் புல்லாங்குழல், வயலின், கிளாரினெட். மகனுக்கு டிரம், டிரம்பெட், டிராம்போன் என்று பதில் வந்தது. நம் வீடுகளில் கேட்டால் மகளுக்கு வீணை, மகனுக்கு மிருதங்கம் என்பார்கள். அங்கே பெண்ணுக்கு என்று ஒதுக்கிய புல்லாங்குழல் இங்கே கண்ணன் கையில் இருக்கிறது. இந்த ஒதுக்கீடு கருவியின் இயல்பில் இல்லை, ஊர் வழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வீணையில் எஸ். பாலசந்தரும் சிட்டிபாபுவும் செய்ததை யாரும் பெண்மை என்று சொன்னதில்லை. மிருதங்கத்துக்காக 2021ல் பத்மஸ்ரீ வாங்கியவர் நிடுமோலு சுமதி. கடத்தில் சுகன்யா ராம்கோபால் இருக்கிறார். இருந்தும் ஒரு சிறுமி மிருதங்க வகுப்பு வாசலில் வந்து நின்றால், கை வலிக்குமே, பாட்டு கத்துக்கோயேன் என்று அன்பாகத் திருப்பி அனுப்பும் ஆட்கள் பள்ளியிலும் இருக்கிறார்கள், வீட்டிலும் இருக்கிறார்கள். கை வலி பையனுக்கும் அதே அளவுதான்.

மிருதங்கத்துக்கு வேறொரு சிக்கல் சுருதி. சிறுவர் சிறுமியர் குரல் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் நிற்கும் (கட்டை என்பது இங்கே சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பதின்மூன்று பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடைந்து ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிவிடும். ஒரு மிருதங்கத்தைத் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், அரைக் கட்டை இறக்கலாம். அதற்கு மேல் போனால் தோல் கிழியும் அல்லது நாதம் செத்துப்போகும். ஆகவே ஹெச்சு சுருதிக்கு, அதாவது உயர்ந்த சுருதிக்கு, குட்டையானது ஒன்று, தக்கு சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்கு, நீளமானது ஒன்று என்று பள்ளியில் இரண்டு மிருதங்கமாவது வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கி வைத்த இடங்களில் மிருதங்கம் பாட்டோடு சேராமல் தனியாக உறுமிக்கொண்டிருக்கும். அதைக் கேட்கிற சின்னப் பிள்ளை தபேலா பக்கம் போய்விடும்.

தபேலாவுக்குத் தில்லியில் வேறொரு அனுகூலமும் உண்டு. தபேலாவின் மிகப் பழைய கரானா, அதாவது வாசிப்பு மரபு, தில்லி கரானாதான். வாசிப்பவரும் செய்பவரும் இங்கேயே இருக்கிறார்கள். தோல் கிழிந்தால் புது புடி, அதாவது கட்டிய தோல் மூடி, அன்றைக்கே கிடைக்கும். மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது வாய்த்தோல், மாற்ற வேண்டுமென்றால் கைதெரிந்தவர் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவே. சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பித் திரும்பி வர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் பிள்ளை மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும், பிறகு அதையும் விட்டுவிடும். மிருதங்கம் வைத்திருக்கும் பள்ளி, தயாராகக் கட்டிய உபரி வலந்தலை மூட்டு இரண்டையாவது அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.

தில்லி வெயிலும் குளிரும் தெற்கே செய்த கருவிகளுக்கு ஒத்துவருவதில்லை. மே, ஜூனில் 44, 45 டிகிரி வறண்ட காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஈரப்புழுக்கம். ஜனவரியில் நாலைந்து டிகிரி. வறட்சியில் மரம் சுருங்கி வயலின் பிரடை வழுக்கும், கட்டிய தந்தி காலையில் தொங்கிக் கிடக்கும். ஈரத்தில் அதே பிரடை ஊதி இறுகித் திரும்பாது. வழுக்கினால் பிரடையின் மேல் சாக்பீஸ் தூள், இறுகினால் கொஞ்சம் உலர்ந்த சோப்பு. இது அவசர வைத்தியம். வீணையில் ஸ்வர இடங்களைக் காட்டும் 24 மெட்டுக் கம்பிகளும் மெழுகுக் கலவை மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேல்மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மே மாதம் பூட்டி வைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் சாயும். ஜூலையில் வந்து தொடும் பிள்ளைக்கு எந்த ஸ்வரமும் அதன் இடத்தில் கிடைக்காது. தனக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று அது முடிவுகட்டிவிடும். மெழுகு செய்த குற்றம் பிள்ளையின் தலையில் விழுகிறது.

நவம்பரில் காற்று மோசமாகிப் பள்ளிகள் ஆன்லைனுக்குப் போகும் நாட்களும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டன. அந்த நாட்களில் மைதானத்தில் பேண்டு வாத்தியப் பயிற்சி நிற்கும். குடியரசு தினத்துக்கு முன்னால் பியூகிள், டிரம் என்று ஆவலாகச் சேர்ந்த பிள்ளைகள் சோர்ந்து போவது அப்போதுதான். வீட்டில் கருவி இருப்பவர்கள் மட்டும் தப்பிக்கிறார்கள். மீரட் பக்கத்திலேயே இருப்பதால் பித்தளை வாத்தியங்கள் கிடைப்பதில் தில்லிக்குக் குறையே இல்லை. அடுக்குமாடி வீட்டில் ஊத முடியாது என்பதுதான் குறை.

இனி கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பிள்ளை விட்டுவிடுவதற்கான காரணம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கிடைக்கும்.

வயலின். சீருடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கத்தில் வயலினையும் பெரிதாக வாங்கிவிடுகிறோம். பிள்ளையின் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தோரத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 18 அங்குலம் என்றால் கால் வயலின், 20 என்றால் அரை, 22 என்றால் முக்கால், 23க்கு மேல் போனால்தான் முழு வயலின். பெரிய வயலினில் விரல் ஸ்வர இடத்துக்கு எட்டாது, அபஸ்வரம் பேசும், பழி காதின் மேல் விழும். வளர வளர மாற்றத்தான் வேண்டும், அதனால் வாடகைக்கோ மூத்த பிள்ளைகள் விட்டதை வாங்கியோ ஓட்டுவது மேல். புது வில்லில் ராசின் என்ற பிசின் தடவாவிட்டால் சத்தமே வராது. புது ராசின் கட்டி கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் வில்லில் பூச வேண்டும். இது தெரியாமல் வயலின் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சிறு குச்சி விழும். அதை நிமிர்த்த ஆள் தேட வேண்டும். தந்தி மாற்றுவதானால் ஒன்றொன்றாக.

பள்ளியில் மேற்கத்திய வயலின், மாலையில் வீட்டருகே கர்நாடக வயலின் என்று ஒரே கருவியை இரண்டுக்கும் கொண்டுபோகும் பிள்ளைகள் தில்லியில் நிறைய. அங்கே நின்றபடி தாடையில் இடுக்கி வாசிப்பது. இங்கே உட்கார்ந்து, வயலினின் சுருள் தலை வலது கணுக்காலில் படிய வாசிப்பது. நான்கு தந்திகளின் சுருதி அங்கே ஜி, டி, ஏ, இ. இங்கே ஸ, ப, ஸ, ப. மேல் தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் ஜி, டி, ஜி, டி ஆகி நம் சுருதிக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் இரண்டு முறை ஏற்றி இறக்கினால் தந்தி தாங்காது, பிள்ளையின் விரலுக்கும் இடம் குழம்பும். முதல் இரண்டு வருடம் ஏதாவது ஒன்றில் நிற்பதே நல்லது. பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் இந்தக் கருவியை நம் சங்கீதத்துக்குப் பழக்கியபோது சுருதியையும் உட்காரும் விதத்தையும் நமக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். வயலின் கலைஞர் டி.என். கிருஷ்ணன் பேராசிரியராக இருந்த தில்லிப் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கே வயலினுக்கு ஆசிரியர் கிடைக்க மாட்டார் என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. தேடுவதில்லை, அவ்வளவுதான்.

புல்லாங்குழல் விலை குறைவு, பையில் அடங்கும். ஆகவே பலர் அதை எளிது என்று எடுக்கிறார்கள். எளிதில்லை. முதல் ஓசை வர ஒரு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பலமாக ஊதினால் தலை சுற்றும். முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊத விடக் கூடாது. ஆறேழு வயதில் முன்பல் விழுந்திருக்கும்போது ஆரம்பிப்பதில் பொருளில்லை. பல்லுக்குக் கம்பி கட்டப்போகும் பிள்ளை என்றால் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலருக்கு மேலுதட்டின் நடுவில் சதை துளி போல இறங்கியிருக்கும், காற்று அங்கே இரண்டாகப் பிரியும். அவர்கள் வாய்த்துளையை நடுவிலிருந்து சற்றே ஒரு பக்கம் தள்ளி வைத்தால் ஓசை தெளிவாகும். கர்நாடகக் குழலில் விரலுக்கு எட்டுத் துளைகள். தாழ்ந்த சுருதிக்கான நீளக் குழலில் துளைகள் தள்ளித்தள்ளி இருக்கும், சின்ன விரல் முழுதாக மூடாது, ஓசை பிளிறும். ஐந்து கட்டைக்கு மேலான குட்டைக் குழலே தொடக்கத்துக்குச் சரி. தில்லிக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இந்துஸ்தானி பான்சுரி. அதில் விரல் துளை ஆறு, பிடியும் வேறு. ஆசிரியர் எந்த வழி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இடக்கைப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: மூங்கில் குழலை எந்தப் பக்கமும் பிடிக்கலாம்.

கிதாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃகுத் தந்தி விரல் நுனியை அறுக்கும், பத்து வயதுக்கு நைலான் தந்திக் கிதார் போதும். எஃப் கார்டு என்ற ஸ்வரக் கூட்டில் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டி வரும்போது பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். தந்தி பலகையிலிருந்து அதிகம் தூக்கியிருக்கும் மலிவான கிதார்தான் பெரும்பாலும் காரணம். கழுத்துப் பலகையின் பன்னிரண்டாவது குறுக்குக் கம்பியில் தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் அதை வாங்காதீர்கள்.

கீபோர்டைப் பற்றிக் குறை சொல்வதே எங்கள் நோக்கம் என்று எண்ண வேண்டாம். தாளம், ஸ்வர வரிசை, இரு கை ஒத்துழைப்பு மூன்றையும் அது நன்றாகக் கற்றுக்கொடுக்கும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்றே தனிப் படிநிலைகள் உண்டு, சான்றிதழும் வரும். பெற்றோர் டிக் அடிக்க அதுவும் ஒரு காரணம். வாங்கினால் சாதாரண அகலமுள்ள 61 கட்டைகள், அழுத்தத்துக்கேற்ப ஓசை கூடிக் குறையும் வகை. சின்னக் கட்டைப் பொம்மையில் பழகிய விரல் பெரியதில் தடுமாறும். சுருதி மாற்றும் பொத்தானை முதல் வருடம் தொடவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாம் கட்டையிலேயே வாசித்துவிட்டுப் பொத்தானால் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு மற்றக் கட்டைகள் கடைசிவரை வராது. கர்நாடக இசை படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாயாமாளவகௌளை சரளி வரிசை வரை கீபோர்டு கூடவே வரும், தோடியின் காந்தாரத்தில் கைவிரித்துவிடும். கமகம் என்கிற ஸ்வர அசைவு அதில் இல்லை. ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு கச்சேரியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கமகத்தை முதலில் தொண்டையில் கற்றவர்கள்.

மேல்வகுப்பில் இதன் விளைவு தெரியும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் கர்நாடக வாய்ப்பாட்டுக்கு 031, வீணை, வயலின், குழல் போன்ற கருவிகளுக்கு 032, மிருதங்கத்துக்கு 033 என்று தனித்தனிப் பாட எண்களே இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துக்கு 30, செய்முறைக்கு 70. மதிப்பெண் அள்ளக்கூடிய பாடம். ஆனால் ஐந்தாம் வகுப்பில் யாரும் வயலினோ மிருதங்கமோ எடுக்காத பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்த ஆள் சேராது.

சரி, என்ன செய்யலாம்? டிக் அடிக்கும் தாளை ஏப்ரலில் கொடுக்காதீர்கள், செப்டம்பரில் கொடுங்கள். நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில், கோடை விடுமுறை முடிந்து ஜூலை தொடங்கி எட்டு வாரம், வாரம் இரண்டு பாடவேளை. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவும் ஒரு கருவியில் இரண்டு வாரம், பிறகு அடுத்ததற்கு மாறலாம். அரை வயலின் நான்கு, முக்கால் வயலின் நான்கு, கீபோர்டு நான்கு, இருவருக்கு ஒன்றாக, மிருதங்கம் இரண்டு, குழல் மட்டும் வாய் வைப்பது என்பதால் ஆளுக்கொன்று. மூங்கிலைக் கழுவினால் வெடிக்கும். பி.வி.சி. குழல் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி அடுத்த குழுவுக்குக் கொடுக்கலாம். மிருதங்கம் இரண்டே இருப்பதால் மற்றவர்கள் தொடையில் ஆதிதாளம் போட்டுக்கொண்டு த, தி, தொம், நம் சொல்லட்டும். வேகம் கூடாமல் குறையாமல் இரண்டு நிமிடம் சொல்ல முடிகிற பிள்ளை யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே திரை போட்டுக் கேட்பதையும் செய்ய வேண்டும். ஒரே பாட்டின் இரண்டு வரியை, முகமும் கருவியும் தெரியாமல், வயலினிலும் குழலிலும் வீணையிலும் கீபோர்டிலும் ஒரே சுருதியில் வாசித்து, எது பிடித்தது என்று எழுதச் சொல்வது. எட்வின் கார்டன் என்ற அமெரிக்கர் 1984ல் காற்றுக் கருவிகளுக்கு இதே எண்ணத்தில் ஒரு தேர்வு வகுத்தார். கருவியின் தோற்றத்தை மறைத்து ஓசை நயத்தை மட்டும் கேட்க வைத்துப் பிள்ளையின் விருப்பத்தைக் கண்டார். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒரு போர்வையும் நான்கு பேரும் போதும். பள்ளியில் ஆள் இல்லையென்றால் 1977ல் இந்த ஊர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய, மாணவர்களிடம் நம் கலைகளைக் கொண்டுபோகும் ஸ்பிக் மேகே மாதிரி அமைப்புகளை எழுதிக் கேட்கலாம். மண்டி ஹவுஸில் சங்கீத நாடக அகாதெமியின் இசைக்கருவிக் காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம்.

தாளில் டிக் கட்டத்துக்குப் பதில் ஒரு கேள்வியும் போடுங்கள்: இதை எத்தனை நாள் வாசிப்பாய்? ஆஸ்திரேலியாவில் கேரி மெக்ஃபெர்சன் 157 பிள்ளைகளை முதல் பாடத்துக்கு முன்பே இப்படிக் கேட்டுவிட்டுத் தொடர்ந்து கவனித்தார். இந்த வருடம் மட்டும் என்றவர்களைவிட, பெரியவனாகும் வரை என்றவர்கள், ஒரே அளவு பயிற்சியிலும் அதிகம் முன்னேறினார்கள். அப்பா எழுதிய பதில் இதில் செல்லாது. பிள்ளை தன் கையால் எழுத வேண்டும்.

செலவு என்று பள்ளிகள் தயங்கும். மேலே சொன்ன வயலின்களும் குழல்களும் ஒரு கணினி அறையின் செலவில் சிறு பங்கு. ஆண்டுக்கு இரண்டு முறை பழுது பார்க்க ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்தச் சிறு பங்கும் வீண்தான். இசை அறையைப் பார்க்கப் போகும் பெற்றோர் சங்கத்தினர் கருவிகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருவார்கள். எத்தனை வயலினில் நான்கு தந்தியும் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

மே நடுவில் விடுமுறை வந்துவிடும். அதற்குள் இசை அறைப் பொறுப்பாளர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. வயலின் வில்லின் திருகைத் தளர்த்தி மயிரைத் தொய்ய விடுங்கள். தந்திகளை அரைச் சுற்று மட்டும் இறக்குங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். மிருதங்கத் தொப்பியில் ரவைத் துணுக்கு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வைத்து உறை போடுங்கள், இல்லையென்றால் ஜூலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தோல் அழுகும். கீபோர்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் உள்ளே அரித்துவிடும். வீணையை மேல்மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறக்கி, மேற்கு வெயில் படாத சுவரோரம் ஜமக்காளத்தின் மேல் படுக்க வையுங்கள். அறைச் சாவி விடுமுறையில் யாரிடம் இருக்கும் என்பதையும் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
பள்ளி இசை ஆசிரியர்கள் சிலர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி.